மூச்சைப் பிடித்தால் அளவு தப்பும்

1

போன வாரம் என் மகள் யாழினி எங்கள் தையல் கடையின் இணையப் பக்கத்தில் ஒரு ரவிக்கையின் படத்தைப் போட்டாள். அரக்குச் சிவப்புப் பட்டு, கை ஓரத்தில் சரிகை. அதைப் பொம்மைக்கு மாட்டி, பின்பக்கம் துணியை இழுத்து ஊக்குக் குத்தி, இடுப்பை எறும்பு இடுப்பாக்கிப் படம் எடுத்திருந்தாள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. வாசித்துக் காட்டச் சொன்னேன். "சின்ச்ட் டு பெர்ஃபெக்‌ஷன்" என்றாள்.

"சின்ச்னா?"

"இடுப்ப இறுக்கி ஷேப்பா புடிக்கிறதும்மா."

"அதுக்கு டைட்டுன்னு போட்டா என்னடி?"

"டைட்டுன்னா கஸ்டமர் ஓடிருவாங்க லா. அது வேற, இது வேற."

வேறாம். ஓரத்தில் கொஞ்சமாகப் பிடித்தால் நிப். மடித்துப் பிடித்தால் டக். போகப் போகக் குறுகினால் டேப்பர். உள்ளாடையே உடம்பைப் போட்டு அமுக்கினால் கம்ப்ரெஷன். மூச்சு முட்ட இறுக்கினால் அதற்கு ஸ்னாட்ச்ட் என்று பெயர், அதுதான் இருப்பதிலேயே பெரிய பாராட்டாம். "ஸ்னாட்ச்னா சங்கிலியப் பிடுங்கிட்டு ஓடுவானே, அதுதானே?" என்று கேட்டேன். "இப்ப அது நல்ல வார்த்தைம்மா" என்று பொறுமையாகச் சொன்னாள், பாலர் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ச் எங்கிருந்து வந்தது என்று கைப்பேசியில் தேடிச் சொல்லடி என்றேன். தேடினாள். சேணம் நழுவாமல் குதிரையின் வயிற்றோடு சேர்த்து இறுக்குகிற வாராம் அது.

நல்லது. குதிரைக்குக் கட்டியதை எடுத்துக் கல்யாணப் பெண்ணுக்குக் கட்டியிருக்கிறார்கள். மன்னார்குடியில் நான் தையல் பழகிய கடையில் இத்தனைக்கும் ஒரே சொல்தான்: பிடி. "ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க" என்பார்கள், பிடித்துக் கொடுப்போம், வீட்டுக்குப் போவார்கள். இறுக்குவதற்கு இத்தனை சொல் வைத்திருக்கிறீர்களே, தளர்த்துவதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "லூஸ்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும், ஏதோ வியாதியின் பெயரைச் சொன்னது போல.

சொற்களுக்காக மட்டும் நான் கோபப்படவில்லை. அந்தப் படத்தில் இருக்கிற ரவிக்கையின் கதை தெரிந்தால் நீங்களும் கோபப்படுவீர்கள்.

2

கதைக்கு முன்னால் கடையைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூரில் மாசாய் என்கிற ஊர். பக்கத்தில் தொழிற்சாலைகள், சாலை முழுக்க மோட்டார் சைக்கிள். என் வீட்டுக்காரர் இங்கே பிறந்தவர், தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறார். அவரைக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். வந்த புதிதில் வீட்டு வாசலிலேயே தையல் மெஷின் போட்டு, "ஜாக்கெட் தைத்துத் தரப்படும்" என்று தமிழிலும் அதற்குக் கீழே "ஜாக்கெட்" என்று ஆங்கில எழுத்திலும் பலகை மாட்டினேன். முதல் வாரம் வந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். சிங்கப்பூருக்கு மோட்டாரில் வேலைக்குப் போகிறவர்கள், காற்றுக்குப் போட்டுக்கொள்கிற மேல்சட்டையைக் கொண்டுவந்து ஜிப் மாற்றிக் கேட்டார்கள். "அலமாக், அக்கா பிளவுஸ் தைக்கிறவங்களா!" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். பலகையை மாற்றினேன். ஆனால் ஜிப் மாற்றுகிற வேலையை விடவில்லை, அதுதான் அன்றைக்குச் சோறு போட்டது.

என் தொழிலில் இரண்டு பழக்கங்களை நான் யாருக்காகவும் மாற்றியதில்லை.

முதலாவது, அளவெடுப்பது. டேப்பைச் சுற்றியதும் பெண்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வயிறு உள்ளே போகும், தோள் மேலே போகும். படித்தவள், படிக்காதவள், கோயில் தலைவர் மனைவி, யாருமே விலக்கில்லை. அந்த அளவில் தைத்தால் மூச்சு விடாமல் நிற்கிற பெண்ணுக்குத்தான் ரவிக்கை சேரும். அதனால் டேப்பைச் சுற்றிக்கொண்டே "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பேன். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சை விட்டுத்தானே ஆக வேண்டும்? விட்ட பிறகு டேப் காட்டுகிற எண்தான் என் எண்.

இரண்டாவது, உள்ளே துணி விடுவது. பக்கத் தையலுக்கு அப்பால் தாராளமாகத் துணியை விட்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மூன்று தையல் ஓட்டுவேன். உடம்பு பெருத்தால் ஒரு தையலைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். பிள்ளை பெற்றால் இன்னொன்று. உங்கள் பெட்டியில் இருக்கிற எந்த ரவிக்கையைப் புரட்டிப் பார்த்தாலும் அந்தத் துணி இருக்கும். பெண்ணின் உடம்பு நாளைக்கு மாறும் என்று ஒத்துக்கொண்ட தையல் அது.

3

துளசி எங்கள் தாமான் குடியிருப்பில் மூன்று வீடு தள்ளி இருக்கிற பெண். அப்பா இல்லை, அம்மாவும் அவளும்தான். தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. நல்ல வாளிப்பான உடம்பு, சிரித்தால் கன்னம் குழியும். அவளுக்கு ஜொகூர் பாருவில் மாப்பிள்ளை அமைந்தபோது நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன்.

கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் சீர். அதோடு சேர்ந்த ரவிக்கையும் அவர்கள் பொறுப்பு. அந்த உரிமையோடு துளசியை அழைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தவள் மாப்பிள்ளையின் அக்கா, ஷர்மினி. உடம்பு கயிறு மாதிரி இருந்தாள். துளசியை நிற்க வைத்து, டேப்பைச் சுற்றி, சாப்பிட்டியா என்று கேட்டேன். "ஆச்சுக்கா, நாசி லெமாக்" என்று அவள் வாயெல்லாம் பல்லாகச் சொல்ல, நான் எண்ணைப் பார்த்தேன். ஷர்மினி எட்டிப் பார்த்தாள்.

"இது இப்ப உள்ள சைஸ் ஆண்ட்டி. மூணு இஞ்சு கம்மியா போடுங்க. அவ ஷ்ரிங்க் பண்ணிருவா."

துணிதான் தண்ணீரில் போட்டால் சுருங்கும் என்று நினைத்திருந்தேன். மனுஷியையும் சுருக்கலாமாம்.

"கல்யாணத்துக்கு ரெண்டு மாசம்கூட இல்லையேம்மா" என்றேன்.

"அதான் டார்கெட். பிளவுஸ் சின்னதா இருந்தாத்தான் அவளுக்கும் டிசிப்ளின் வரும். அப்புறம் உள்ள இந்த எக்ஸ்ட்ரா துணியெல்லாம் வேணாம், ஒட்ட வெட்டிருங்க. போட்டோல பல்க்கா தெரியும். எனக்கு பூட்டிக்ல அப்படித்தான் தைப்பாங்க, உள்ள சுத்தமா இருக்கும்."

துளசியின் கன்னக் குழி காணாமல் போயிருந்தது. செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்டச் சொல்கிறவளிடம் என்ன பேசுவது? நான் அவள் சொன்ன எண்ணை எழுதிக்கொண்டேன். அவர்கள் போனதும் யாழினியிடம் பொரிந்து தள்ளினேன்.

"கஸ்டமர் கேட்டத செஞ்சு குடுங்கம்மா. பொண்ணே ஓகேன்னு சொல்லுது, உங்களுக்கு என்ன?" என்றாள்.

"அது எப்படி ஓகேன்னு சொல்லுச்சு? வாயே தொறக்கலையே."

"அதான் ஓகே."

என் வயிற்றில் பிறந்தவள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள், காலையில் பால் இல்லாத காப்பி, மதியம் இலை தழை, இரவு என்னோடு சண்டை. அவளிடம் மேற்கொண்டு பேசவில்லை. பட்டுத் துணியை வெட்டினேன். மூன்று அங்குலம் குறைத்துத்தான் தைத்தேன், சொன்ன சொல் மாறவில்லை. ஆனால் உள்ளே விட்ட துணியை மட்டும் வெட்டக் கை வரவில்லை. அவளுடைய நிஜ அளவுக்கும் மேலேயே கொஞ்சம் விட்டு, பட்டையாக அமுக்கித் தேய்த்து, உள்துணிக்கு அடியில் மடித்து வைத்து மூடினேன். வெளியிலிருந்து பார்த்தால் வெண்ணெயில் வெட்டியது போல இருந்தது. ஷர்மினி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "வெரி நீட்" என்றாள்.

4

இடையில் என் விசாவைப் புதுப்பிக்கப் போக வேண்டி வந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும், பிள்ளை பெற்று வளர்த்தும், நான் இந்த ஊரில் இன்னும் விருந்தாளிதான். எண் சீட்டு வாங்கி உட்கார்ந்தால் முன்னால் ஒரு கூட்டம். என் முறை வந்ததும் கவுண்டர் பெண் தாள்களைப் புரட்டிவிட்டு, இன்னொரு கடிதம் வேண்டும் என்றாள். போன தடவை கேட்கவில்லையே என்றேன். "செகாராங் கெத்தாட், காக்" என்றாள். இப்போது கெடுபிடி, அக்கா என்று அர்த்தம். மலாயில் ரவிக்கை இறுக்கமாக இருந்தாலும் கெத்தாட்தான், சட்டம் இறுகினாலும் கெத்தாட்தான். பக்கத்துக் கவுண்டரில் ஒரு படித்த ஆள் அதையே "டைட்டனிங்" என்று ஆங்கிலத்தில் மெருகு போட்டு யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். எந்த பாஷையில் சொன்னாலும் இறுக்குகிறவனுக்கு மூச்சு முட்டுவதில்லை.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் துளசியின் அம்மா கைப்பேசியில் அழைத்தார். துளசி வேலை செய்கிற இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாளாம். கிளினிக்கில் கொண்டுபோய்ப் போட்டு, இப்போது வீட்டில் படுத்திருக்கிறாளாம்.

கடிதமாவது கத்தரிக்காயாவது என்று எழுந்து வந்தேன். துளசி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். பச்சைத் தண்ணீரும் வெள்ளரிக்காயும்தான் சாப்பாடாம். ஷர்மினி தினமும் காலையில் எடை மெஷினைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.

"ஏண்டி இப்படி உன்னையே வதைச்சுக்கிற?"

"அண்ணி கோவிச்சுப்பாங்கக்கா. இப்பவே பிடிக்கலன்னா, போன பிறகு எப்படிக்கா அந்த வீட்ல இருக்கிறது?"

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?"

"அவருக்குத் தெரியாது. சொல்லாதீங்கக்கா."

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அவள் பயப்பட்டது ரவிக்கைக்கு இல்லை. இன்றைக்கு மூன்று அங்குலம் கொடுத்தால் நாளைக்கு அந்த வீட்டில் இன்னும் என்னென்ன குறைத்துக் கேட்பார்கள் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது, கொடுத்துவிடுவோம் என்றும் தெரிந்திருந்தது. நான் அவள் தலையைத் தடவி, "உள்ள துணி விட்டிருக்கேன். தேவைப்பட்டா ஒரு வார்த்தை சொல்லு. நீதான் சொல்லணும்" என்றேன். அவள் அம்மா கொண்டுவந்த ரசம் சாதத்தில் நாலு வாய் மட்டும் சாப்பிட்டாள்.

5

கல்யாணம் கோயில் மண்டபத்தில். நம் சடங்கு உங்களுக்குத் தெரியும். மணவறையில் பாதிச் சடங்கு முடிந்ததும் கூறையைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள், பெண் உள்ளே போய் உடுத்திக்கொண்டு வர வேண்டும், வந்ததும் தாலி. அதற்கு இருக்கிற நேரமோ கொஞ்சம். புடவை கட்டிவிட நானும் அந்தச் சின்ன அறைக்குள் போயிருந்தேன். கைப்பையில் ஊசி நூலும் பிளேடும் எப்போதும் இருக்கும்.

துளசி இளைத்துத்தான் போயிருந்தாள், பார்க்கவே பாவமாக. ஆனாலும் ரவிக்கை சேரவில்லை. கைகள் நுழைந்தன, மேல் கொக்கி இரண்டும் மாட்டின, அதற்குக் கீழே ஒரு விரல்கடை இடைவெளி. ஷர்மினி குனிந்து இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்தாள்.

"சக் இன், சக் இன்! வயித்த உள்ள இழு. இன்னும்."

துளசி இழுத்தாள். ஷர்மினி கடைசிக் கொக்கியையும் மாட்டிவிட்டாள். "பாத்தீங்களா, முடியுது!" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். துளசியின் உதடு வெளுத்திருந்தது. பேசினால் மூச்சு விட வேண்டும், விட்டால் கொக்கி தெறிக்கும். அதனால் அவள் பேசாமல் நின்றாள். அப்படியே மணவறையில் சம்மணம் போட்டு, ஓமப் புகையில் உட்கார்ந்து, பெரியவர்கள் காலில் எல்லாம் விழுந்து எழ வேண்டும்.

வெளியே ஐயர் குரல் கொடுத்தார்: "பொண்ணை அழைச்சிண்டு வாங்கோ, நாழியாறது!"

"போலாம் வா, சும்மா மெதுவா மூச்சு விடு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று ஷர்மினி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

துளசி நகரவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் தானே கீழ்க் கொக்கியைக் கழற்றினாள். பிறகு அடுத்தது. மூச்சை நன்றாக உள்ளே இழுத்து விட்டாள். என்னைப் பார்த்தாள்.

"பிரிங்கக்கா."

"ஏய், வெளிய இருநூறு பேரு வெயிட் பண்றாங்க!" என்றாள் ஷர்மினி.

"இருக்கட்டும் அண்ணி. என் அளவு இதுதான். இதுக்கு மேல என்னால குறைய முடியாது. வேணான்னா சொல்லுங்க, வந்த சேலையிலயே போயி உக்காந்துக்கிறேன், அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

குரல் நடுங்கியது. ஆனால் எல்லா வார்த்தையும் வெளியே வந்தது. நான் காத்திருக்கவில்லை. ரவிக்கையை வாங்கி உள்பக்கம் திருப்பி, உள்துணியைக் கிழித்து, பிளேடை வைத்து ஒரு தையலைப் பிரித்தேன். அடுத்ததையும் பிரித்தேன். உள்ளே மடித்து வைத்திருந்த பட்டு விரிந்தது. ஷர்மினி அதைப் பார்த்துவிட்டு, "வெட்டச் சொன்னேன்ல?" என்றாள்.

"சொன்னீங்கம்மா. நான் வெட்டல" என்றேன்.

வெளியே நாதஸ்வரக்காரர் நிலைமை புரிந்தவர் போல ஒரே ராகத்தை இழுத்துக்கொண்டிருந்தார். துளசி ரவிக்கையைப் போட்டாள், எல்லாக் கொக்கியும் தானாக மாட்டியது. இடுப்பு இடுப்பாகவே இருந்தது. அப்படியே போய் உட்கார்ந்தாள், தாலி ஏறியது. பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினாள். நான் எதிர் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே என் இலையை வழித்தேன். வெகு நாளைக்குப் பிறகு எனக்கும் அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

ஷர்மினி பந்தியில் உட்காரவில்லை. தோளைச் சுற்றி ஒரு துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு, உணவைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பசிக்கவில்லை என்றாள். நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரிடம் சொல்லவும் செய்தேன்.

6

யாழினி அந்த ரவிக்கையின் பழைய படத்தைத்தான், பிரிப்பதற்கு முன்னால் எடுத்ததைத்தான், போன வாரம் போட்டிருக்கிறாள். எடுக்கச் சொன்னேன், மாட்டேன் என்கிறாள். நிறையப் பேர் விசாரிக்கிறார்களாம். விசாரித்தவர்களில் ஒருத்தி நேற்று நேரிலேயே வந்தாள். ஷர்மினி.

நான் மெஷினை நிறுத்தவில்லை. "என்னம்மா?" என்றேன், தலை நிமிராமல். கல்யாணத்துக்குப் போட்டிருந்த அவளுடைய பூட்டிக் ரவிக்கையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். பக்கத் தையல் அக்குளிலிருந்து கீழே வரை விட்டுப் போயிருந்தது. துப்பட்டாவின் கதை புரிந்துவிட்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, வந்ததை மறைக்கவும் இல்லை.

"லூஸ் பண்ண முடியுமா ஆண்ட்டி?"

திருப்பிப் பார்த்தேன். உள்ளே சுத்தமாக இருந்தது. தையலை ஒட்டியே வெட்டியிருந்தார்கள், பிரித்துவிட ஒரு நூல் அகலம்கூட இல்லை.

"இதுல ஒண்ணும் பண்ண முடியாதும்மா. துணி விட்டாத்தானே? புதுசுதான் தைக்கணும்."

"சரி. அளவெடுத்துக்கோங்க."

கையைத் தூக்கி நின்றாள். டேப்பைச் சுற்றினேன். வயிறு உள்ளே போனது, தோள் மேலே போனது, விலா எலும்பு ஒவ்வொன்றும் விரலில் தட்டுப்பட்டது. அடுத்தவளைச் சுருக்கச் சொல்கிறவள் எவ்வளவு நாளாக இப்படி இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளோ தெரியவில்லை. அவளை நோகடிக்க நான்கு வார்த்தைகள் நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். ஆனால் கை டேப்பைப் பிடித்தால் வாய் பழக்கத்தில் ஒன்றைத்தான் கேட்கும்.

"சாப்பிட்டியாம்மா?"

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியது.

"இல்ல ஆண்ட்டி" என்றாள். அந்த இரண்டு சொல்லோடு அவள் பிடித்து வைத்திருந்த மூச்சு முழுவதும் வெளியே வந்தது.

டேப் என் விரலுக்குள் மெல்ல நழுவி விரிந்தது. அது நிற்கும் வரை காத்திருந்து, காட்டிய எண்ணை எழுதிக்கொண்டு, அடுப்படிக்குப் போய் அவளுக்குத் தட்டு வைத்தேன்.